கும்பாபிஷேக மலரில் இருப்பதெல்லாம் வரலாறா? கொங்கு வரலாற்றுக்கு எந்தப் புத்தகத்தை நம்புவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கத்தில் உங்கள் குலக்கோயில் கும்பாபிஷேகத்தில் 48 பக்க மலர் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கரிகாலச் சோழன் கொடுத்த செப்பேடு, '1920ஆம் ஆண்டுக் கல்வெட்டு', வீரராசேந்திர சோழன் செய்த திருப்பணி, கொங்கு 24 நாடு என்று அதில் நிறைய வருகிறது. அந்தச் செப்பேடு இன்றும் தர்மகர்த்தா வீட்டில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள், வரலாறு படித்தவரில்லை. "இதெல்லாம் நெசமுங்களா? நம்பிப் படிக்க ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரே புத்தகம் கிடையாதுங்க. எந்தப் புத்தகத்திலும் நம்பலாம் என்ற வரியும் உண்டு, நம்பக் கூடாத வரியும் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். புத்தகப் பெயர்கள் அதற்குப் பிறகு.

மலரைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் போங்கள். இன்ன மாதம் சாமி கும்பிடு, இன்னார் முப்பாட்டு, இன்ன ஊர்க்காரர்களுக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் இன்றைய வழக்கம். இதில் மலர் எழுதியவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கல்வெட்டு, செப்பேடு, ஓலை என்று ஆதாரம் காட்டும் வரிகளுக்கு ஓரத்தில் கோடு போடுங்கள், அவற்றைச் சரிபார்க்க முடியும். ஆதாரமே காட்டாமல் "ஆதியில் நம் முன்னோர் இன்ன இடத்திலிருந்து வந்தனர்" என்று தொடங்குபவற்றுக்குக் கேள்விக்குறி போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். அவை பொய் என்று அர்த்தமில்லை. மெய்யென்றோ பொய்யென்றோ காட்ட வழியில்லை, அவ்வளவுதான்.

முதலில் '1920ஆம் ஆண்டுக் கல்வெட்டு'. கோயில் மலர்களில் அடிக்கடி காணும் தவறு இது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவினர் ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்து, ஒவ்வோர் ஆண்டும் எடுத்தவற்றுக்கு ஒன்றிலிருந்து வரிசை எண் போட்டு, ஆண்டறிக்கையாக அச்சிட்டார்கள். 1920 என்பது கல்லிலிருந்து காகிதத்துக்கு எடுத்த ஆண்டு. கல்லில் வெட்டிய காலம் அதற்கு 700, 800 ஆண்டு முந்தியதாக இருக்கலாம். வெறும் ஆண்டு மட்டும் இருந்து வரிசை எண் இல்லாவிட்டால் மலர் எழுதியவர் அறிக்கையைப் பார்க்கவில்லை, யாரோ எழுதியதிலிருந்து எடுத்திருக்கிறார் என்று கொள்ளலாம். எண் இருந்தாலும் ஆண்டறிக்கையில் கிடைப்பது ஆங்கிலத்தில் ஓரிரு வரிச் சுருக்கம்தான். முழுப் பாடத்துக்கு 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளையோ, தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளையோ பார்க்க வேண்டும். பல கல்வெட்டுகளின் முழுப் பாடம் இன்னும் அச்சேறவே இல்லை. அதனால் தேடிக் கிடைக்காததாலேயே மலர் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பாடம் கையில் கிடைத்துவிட்டால் அடைப்புக்குறிகளைக் கவனியுங்கள். கல்லில் தெளிவாகத் தெரியும் எழுத்து சாதாரணமாக அச்சாகும். சிதைந்த எழுத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்துப் படித்திருந்தால் அது சதுர அடைப்புக்குள் வரும். அடியோடு அழிந்த இடத்தில் புள்ளிகள் இருக்கும். '[வீர]ராசேந்திர' என்று தொகுதியில் இருப்பது, மலருக்கு வரும்போது அடைப்பு போய் 'வீரராசேந்திர' என்று ஆகிவிடும். கல்லில் இருப்பது 'ராசேந்திர' மட்டுமே, முன்னால் உள்ள இரண்டு எழுத்து ஒருவருடைய யூகம். ஒரு அடைப்புக்குறி விழுந்ததில் கோயிலுக்கு ஒரு ராஜா கிடைத்துவிடுகிறார்.

அந்த வீரராசேந்திரன் பெயரே வெளியூர்க்காரர்களை ஏமாற்றும். சோழப் பேரரசை ஆண்ட வீரராசேந்திரன் 1063 முதல் ஏழெட்டு ஆண்டுதான் ஆண்டான். கொங்குக் கோயில்களில் நிறையக் காணும் வீரராசேந்திரன் வேறு ஆள். 13ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நெடுங்காலம் ஆண்ட கொங்குச் சோழன். கொங்குச் சோழர் பேரரசர்களின் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள், குலோத்துங்கனுக்கும் இதே சிக்கல் உண்டு. பிரித்தறிவது கடினமில்லை. ஆட்சியாண்டைப் பாருங்கள். 'யாண்டு இருபத்தைஞ்சாவது' என்றிருந்தால் அது பேரரசனாக இருக்கவே முடியாது, அவன் அத்தனை காலம் ஆளவில்லை. பேரரசன் கல்வெட்டு 'வீரமே துணையாகவும் தியாகமே அணியாகவும்' என்பது போன்ற மெய்க்கீர்த்தியோடு, அதாவது அரசன் புகழ் சொல்லும் வரிகளோடு, தொடங்கும். கொங்குக் கல்வெட்டுகள் பெரும்பாலும் 'ஸ்வஸ்திஸ்ரீ' போட்டு நேரே அரசன் பெயருக்கும் ஆண்டுக்கும் வந்துவிடும். இந்த இரண்டை மட்டும் பார்த்தாலே உங்கள் கோயில் 11ஆம் நூற்றாண்டா 13ஆம் நூற்றாண்டா என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும். இருநூறு ஆண்டு குறைகிறதே என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. 13ஆம் நூற்றாண்டும் சின்னப் பழமையில்லைங்க.

இனி செப்பேடு. கரிகாலன் காலத்துச் செப்பேடு ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. தமிழில் எழுதிய செப்பேடுகளில் மிகப் பழையதாகக் கொள்ளப்படும் பள்ளன்கோயில் செப்பேடே 6ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துக் கொடையைச் சொல்வது. ஆகவே உங்கள் கோயில் செப்பேடு கரிகாலன் கொடுத்ததில்லை என்று தயங்காமல் சொல்லலாம். எந்தக் காலத்தது என்பதை அதன் சொற்களே காட்டிக்கொடுக்கும். 'சாலிவாகன சகாப்தம்' என்று தொடங்கினால் விசயநகர காலத்துக்கோ அதற்குப் பிறகோ வந்துவிடுகிறோம். 'வராகன்' என்ற காசும் அப்படியே. 'சர்க்கார்', 'தாசில்' போன்ற பாரசீகச் சொற்கள் இருந்தால் இன்னும் கீழே இறங்க வேண்டும். கொங்கில் வீடுகளிலும் கோயில்களிலும் இருக்கும் பட்டயங்களில் பெரும்பகுதி 16 முதல் 18ஆம் நூற்றாண்டுக்குள் வருபவை.

ஆண்டுக் கணக்கை நீங்களே வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்கலாம். சக ஆண்டோடு 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு. தையிலிருந்து பங்குனி வரை உள்ள தேதியானால் 79. கலியாண்டிலிருந்து 3101 கழித்தாலும் அதே ஆண்டு வர வேண்டும். அடுத்து, அறுபது வருடச் சுற்றில் அதன் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். 1987இல் பிரபவ. அங்கிருந்து அறுபது அறுபதாகப் பின்னால் போனால் 1927, 1867, இப்படியே 1687, 1627. எடுத்துக்காட்டாக ஒரு பட்டயம் சக 1600 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1678. பிரபவ 1627இல் வந்ததால் 1678 ஐம்பத்திரண்டாவது வருடம், அதாவது காளயுக்தி. கலியாண்டு 4779. பட்டயத்தில் இந்த மூன்றும் ஒத்துப்போனால் எழுதியவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருடம் முன்பின் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், நடப்பு ஆண்டா கழிந்த ஆண்டா என்ற குழப்பத்தில் அப்படி வரும். இருபது, முப்பது வருடம் தள்ளிப்போனால் பின்னாளில் யாரோ பழைய தேதி போட்டு எழுதியிருக்கிறார்கள். மூன்றும் பொருந்திவிட்டதால் மட்டும் பட்டயம் மெய்யாகிவிடாது, போலி எழுதியவரிடமும் பஞ்சாங்கம் இருந்திருக்கலாம்.

போலி என்றால் குப்பையும் இல்லை. காணி உரிமை, முதல் மரியாதை, கோயில் வரி, தேர் வடம் யார் முதலில் தொடுவது என்று வழக்கு வரும்போதுதான் பழைய தேதியிட்ட பட்டயங்கள் பிறக்கும். 17ஆம் நூற்றாண்டில் எழுதிக் கரிகாலன் பெயர் போட்ட பட்டயம் கரிகாலனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 17ஆம் நூற்றாண்டில் உங்கள் ஊரில் யாரோடு யாருக்குத் தகராறு, எந்த ராஜாவின் பெயரைச் சொன்னால் வாய் அடைக்கும் என்பதை நன்றாகச் சொல்லும். இந்த வகை ஆவணங்களைப் படித்துப் பழக, தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, ஈரோட்டுப் புலவர் செ. இராசு பதிப்பித்த 'கொங்குநாட்டுச் சமுதாய ஆவணங்கள்' போல் இன்னொன்று இல்லை. பட்டயங்களின் மூலப் பாடமே இருக்கிறது. அதில் நாலைந்தைப் படித்துவிட்டு உங்கள் செப்பேட்டுக்குத் திரும்பினால் நடை பிடிபட்டுவிடும். 'கொங்கு தேச ராஜாக்கள்' என்ற பழைய வரலாற்று ஏட்டை மலர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும். கம்பெனி ஆட்சிக் கால அதிகாரி மெக்கன்சி சேகரித்த சுவடிகளில் வந்தது அது. அது சொல்லும் கங்க அரசர் வரிசை போலிச் செப்பேடுகளோடு ஒட்டியது என்று கல்வெட்டறிஞர் பிளீட் 19ஆம் நூற்றாண்டிலேயே மறுத்தார். தனியே அதை மட்டும் ஆதாரமாகக் காட்டும் வரிக்கு உங்கள் பென்சில் கேள்விக்குறி போதும்.

24 நாடு விஷயமும் இப்படித்தான். பூந்துறை நாடு, காங்கேய நாடு, குறுப்பு நாடு, ஆறை நாடு என்று பல நாட்டுப் பெயர்கள் கல்வெட்டிலேயே இருக்கின்றன, ஐயமில்லை. ஆனால் மொத்தம் 24 என்று எண்ணிப் பட்டியலிடுவது பிற்காலப் பாடல்களிலும் ஆவணங்களிலும். எந்த இருபத்திநான்கு என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. நாடுகள் இருந்தன என்பது உறுதி. சோழர் காலத்திலேயே 24 என்று எல்லை கட்டியிருந்தார்கள் என்பது ஐயம்.

சரி, புத்தகங்கள். தமிழில் தொடங்க கோவைகிழார் என்ற சி.எம். இராமச்சந்திரன் செட்டியாரின் கொங்கு வரலாறு நல்ல வாசல். சங்க காலத்துக்கு மட்டும் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'கொங்கு நாட்டு வரலாறு', அது கி.பி. 250 அளவில் நின்றுவிடும். ஆங்கிலத்தில் மு. ஆரோக்கியசாமியின் 'தி கொங்கு கன்ட்ரி' 1956இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. பின்னாளில் வே. மாணிக்கம் 1400 வரை எழுதிய ஆங்கில நூல் கல்வெட்டுகளை அதைவிட விரிவாகப் பயன்படுத்துகிறது, இரண்டும் முரண்படும் இடத்தில் மாணிக்கத்தின் பக்கம் சாய்வது பாதுகாப்பு. வாங்கும்போது முதல் பக்கத்தைப் புரட்டி அடுத்த பக்கத்தையும் பாருங்கள். 1950களின் நூலை இப்போது புது அட்டையோடு போட்டு, அச்சிட்ட ஆண்டை மட்டும் கொடுப்பார்கள். எழுதியபோது நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழாய்வு நடக்கவே இல்லை என்பது தெரியாமல் "இந்தப் புத்தகத்தில் கொடுமணலைக் காணோமே" என்று ஆசிரியரைக் குறைசொல்வோம். ஐ.எஸ்.பி.என் எண் இருப்பதும் தகுதிச் சான்றிதழில்லை. நம் நாட்டில் விண்ணப்பித்தால் இலவசமாகவே தருகிறார்கள், உங்கள் மலருக்கும் கிடைக்கும்.

வெள்ளைக்காரர் நூல்களில் இரண்டை விடக் கூடாது. திப்பு விழுந்த மறு வருடம், 1800இல், பிரான்சிஸ் புக்கானன் இந்தப் பக்கம் வந்தார். ஏர், கிணறு, தறி, காசு, வரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறித்தார். விலைவாசிக்கும் விவசாயத்துக்கும் தங்கம் போன்ற சாட்சி. சாதித் தோற்றங்களுக்குச் சாட்சியில்லை, மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டு எழுதியது அது. 1807இல் லண்டன் பதிப்பு மூன்று தொகுதி. 1870இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் போட்டது இரண்டு தொகுதி. பக்க எண்ணைத் தேடி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் வேறு பதிப்பைக் கையில் வைத்திருப்பார்கள். அடுத்தது நிக்கல்சனின் 1887 கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு. அப்போதைய கோயம்புத்தூர் ஜில்லாவில் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளோடு கரூரும் கொள்ளேகாலமும் சேர்த்தி. கரூர் 1910இல் திருச்சிக்கும் கொள்ளேகாலம் 1956இல் மைசூருக்கும் போயின. அதன் புள்ளிவிவரத்தை இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்துக்காரர்கள் இதில் தேடிப் பயனில்லை, 1883இன் சேலம் கையேட்டுக்குப் போக வேண்டும். தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளை (1909) மலர்கள் வேதம்போலக் காட்டும். அதில் பல இடங்களில் உள்ளூர்க்காரர் சொன்ன கதையையே அவர் எழுதியிருக்கிறார். நம் கதை அவர் புத்தகத்துக்குப் போய், அங்கிருந்து ஆதாரமாகத் திரும்பி வருகிறது.

உங்கள் ஊருக்கு மிக அருகில் வரும் புத்தகம் பிரெண்டா பெக் எழுதிய 'பெசன்ட் சொசைட்டி இன் கொங்கு' (1972). 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்தது. வலங்கை, இடங்கை என்ற பழைய சாதிப் பிரிவு குலம், கோயில், கல்யாணச் சீர், நில உரிமை எல்லாவற்றிலும் எப்படி ஓடுகிறது என்று காட்டுகிறார். ஆங்கிலம் கடினம் என்று தோன்றினால் முன்னுரையையும் முதல் அத்தியாயத்தையும் படித்துவிட்டு, பின்னால் உள்ள சொல்லடைவில் உங்களுக்குத் தெரிந்த சடங்கின் பெயரைத் தேடி அந்தப் பக்கங்களுக்கு நேரே போங்கள். தெரிந்த விஷயத்தை அவர் எப்படிச் சொல்கிறார் என்று பார்த்தால் தெரியாத பகுதியில் எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். இரண்டு எச்சரிக்கை. அது ஒரு வட்டாரத்தின் படம், பொள்ளாச்சிக்கோ பவானிக்கோ அப்படியே பொருந்தாது. அறுபது வருடப் பழையதும்கூட. அண்ணன்மார் கதையை அவர் தனியாக ஆராய்ந்ததையும் இதே கண்ணோடு படிக்கலாம். உடுக்கைப் பாட்டாகப் பாடுபவருக்குப் பாடுபவர் மாறும் கதை அது. அச்சில் வந்த ஒரு பாடத்தை வைத்துப் பொன்னர் சங்கருக்கு வருடம் குறிக்கும் மலர் வரிக்கு ஆதாரமில்லை.

பனியன் கம்பெனியில் இருப்பவர் ஷரத் சாரியின் 'பிரட்டர்னல் கேப்பிட்டல்' (2004) படிக்காமல் இருக்கக் கூடாது. தோட்டத்தில் பாடுபட்டவர்கள் திருப்பூரில் தொழிலாளியாக வந்து முதலாளியானது எப்படி என்பதுதான் பொருள். "உழைப்பால் வந்தோம்" என்ற பேச்சை அவர் மறுப்பதில்லை. அந்தப் பேச்சு எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது, யாருடைய உழைப்பு அதில் கணக்கில் வரவில்லை என்று கேட்கிறார். குலக்கோயில் மலரின் பின் அட்டை விளம்பரங்களைப் பார்த்துவிட்டு இதைப் படியுங்கள். பின்னணிக்கு கிறிஸ்டோபர் பேக்கரின் 1984 நூல் உதவும். தமிழகத்தை ஆற்றுப் படுகை, சமவெளி, கொங்கு என்று மூன்றாகப் பிரித்து, கிணற்றுப் பாசனமும் பருத்தியும் இந்தப் பக்கத்தை எப்படி வேறாக்கின என்று எழுதியிருக்கிறார். தடித்த புத்தகம், கொங்குப் பகுதியை மட்டும் எடுத்துப் படித்தால் போதும்.

பழங்காலத்தில் எது உறுதி, எது சர்ச்சை என்பதற்கு ஓர் அளவுகோல் தருகிறேன். ஈரோட்டுக்கு அருகே அறச்சலூர்க் குகையில் 'தை', 'தா' என்ற அசைகளை அடுக்கிய தமிழ்ப் பிராமிக் (தமிழின் மிகப் பழைய எழுத்து) கல்வெட்டு இருக்கிறது. பக்கத்தில் செய்தவர் 'மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்' என்று பெயர் சொல்கிறார். வண்ணக்கன் என்றால் தரம் பார்ப்பவர், இங்கே மணிக்கல்லுக்கு. நொய்யல் வடகரையில் கொடுமணலில் மணிக்கல் அறுத்துத் துளையிட்ட பட்டறைகள் அகழாய்வில் வந்தன. பதிற்றுப்பத்து 67, 74ஆம் பாடல்களில் 'கொடுமணம்' வருகிறது. கரூர்ப் புகழூர்க் கல்வெட்டில் இரும்பொறைச் சேரர் பெயர்கள் வரிசையாக உள்ளன. இவை கல்லிலும் மண்ணிலும் பாட்டிலும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அதே கொடுமணலில் எழுத்து எப்போது தொடங்கியது என்பது தீராத வழக்கு. கா. ராஜன் முதலானோர் கரிமக் கணிப்பை வைத்து கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறார்கள். ஐராவதம் மகாதேவன் தமிழ்ப் பிராமியை அசோகருக்குப் பிந்தியதாகவே வைத்தார். சேரர் தலைநகர் வஞ்சி என்பது கரூரா, கேரளக் கரையா என்பதிலும் இரு கட்சி உண்டு, கரூருக்கு ஆதாரம் கனம். இந்த இடங்களில் ஒரே வரியில் அடித்துச் சொல்லும் புத்தகத்தைவிட, இரு பக்கத்தையும் சொல்லிவிட்டுத் தன் தீர்ப்பைச் சொல்லும் புத்தகத்தை எடுங்கள்.

தமிழ் நூல்களில் பலவும் பழைய பதிப்புகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புக்கானனும் நிக்கல்சனும் இன்டர்நெட் ஆர்க்கைவில் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையத்தளம். அதில் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், அடிக்குறிப்பில் கல்வெட்டு எண்கள் இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் பாருங்கள். புதிதாகக் கண்டுபிடிக்கும் கல்வெட்டுகளின் பாடம் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழில் வரும். அச்சுப் புத்தகமாக வேண்டுமானால் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் பல்கலைக்கழக வெளியீடுகளின் கடையைத் தேடுங்கள்.

தர்மகர்த்தா வீட்டுச் செப்பேட்டைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு நோன்பிக்கும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். எழுத்தின் கோடு தேய்த்துத் தேய்த்தே மழுங்கிப் போகும். திருநீறும் எண்ணெயும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியில் தூசி தட்டினால் போதும். வெயிலில்லாத அறையில் வைத்து, பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒரு டார்ச் அடித்து, இரு பக்கமும் வளையம், முத்திரை இருந்தால் அவற்றையும், அருகில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். வெளிச்சத்தை நாலு திசையிலிருந்தும் மாற்றி எடுத்தால் ஒன்றில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும். பிளாஷ் போடாதீர்கள். எடுத்த படத்தோடு, மலரில் அச்சான பாடத்தையும் சேர்த்து, ஏதாவது பல்கலைக்கழகக் கல்வெட்டுத் துறைக்கு அனுப்பலாம். செப்பேட்டைக் கையைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை. படத்தில் முதல் மூன்று வரி தெளிவாக விழுந்திருந்தால் சக ஆண்டும் வருடப் பெயரும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், மேலே சொன்ன கணக்கை அன்று ராத்திரியே போட்டுப் பார்த்துவிடலாம்.